கம்ப்யூட்டருக்குள் என் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அழித்தது என் கொழுந்தன். அவன் அழித்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அழித்தவள் நான்தான் என்று வீட்டில் முடிவாயிற்று. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. இப்போது சொல்லும்போதும் எனக்குக் குரல் ஏறுகிறது. ஏறட்டும்.

என் கணவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அணு ஆராய்ச்சி வேலை. வேலை செய்பவர்களுக்கான குடியிருப்பில் எங்களுக்கும் ஒரு வீடு. மாமியார் எங்களோடு இருந்தார். நான் கருங்குழிக்காரி. அப்பா பஸ் கண்டக்டர். சர்ச் வழியாக வந்த சம்பந்தம். கல்யாணமான புதிதில் நான் 'வூட்டுல' என்றாலும் 'இன்னா' என்றாலும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கொழுந்தன் ஊரிலிருந்து வந்தால் நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவான். அவர்கள் பேசும் திருநெல்வேலித் தமிழை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கொஞ்ச காலத்தில் நான் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு தமிழைப் பேசப் பழகிக்கொண்டேன்.

மகள் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு தபால் வழியில் எம்.சி.ஏ. சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டில் வகுப்பு. ஆராதனைக்குப் போகாமல் வகுப்புக்குப் போவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. கணவர் தடுக்கவில்லை. தடுக்காததையே பெரிய உபகாரம் செய்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் கொழுந்தன் லீவுக்கு வந்திருந்தான். எஞ்சினியரிங் கடைசி வருடத்துக்குப் போகிறவன். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி ஒன்று வைத்திருந்தான். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இதையும் ஏற்றினால் வேண்டியபோது வேண்டியதைத் திறந்துகொள்ளலாம் என்றான். நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் கேள்வி கேள்வியாக வந்தது. அவன் படிக்காமலேயே 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனான். முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு கேள்வி வந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்தேன். அண்ணனுடைய ஃபைல் எல்லாம் இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள் தம்பி என்றேன். அதெல்லாம் எனக்குத் தெரியும் மைனி என்றான்; அண்ணியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தட்டினான்.

விண்டோஸ் போயிற்று. மகளின் ஞானஸ்நானப் போட்டோக்கள் போயின. கணவர் ஆபீசிலிருந்து எடுத்து வந்து எழுதிக்கொண்டிருந்த கட்டுரைகள் போயின. சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸில் வந்து இறங்கியவர் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, யார் இதைத் தொட்டது என்று கேட்டார். கொழுந்தன் கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னான்.

"நேத்து மைனிதான் ஏதோ சிடி போட்டுக்கிட்டு இருந்தாவ."

நான் சிடி போட்டது உண்மை. பாடத்தோடு வந்த சிடி, அதில் படிக்க மட்டும்தான் முடியும். அந்த ஒரு உண்மையை முன்னால் வைத்து முழுப் பொய்யையும் அவன் சொல்லி முடித்துவிட்டான். நான் நடந்ததைச் சொன்னேன். எந்தக் கேள்விக்கு என்ன தட்டினான் என்பதுவரை சொன்னேன். மாமியார் குறுக்கே வந்தார். "படிக்கிற பிள்ள மேல பழியப் போடாத" என்றார். நானும் படிக்கிற பிள்ளைதான். ஆனால் என்னுடையது ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு.

கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தெரியாத வேலைய ஏன் செய்யுத?"

கொழுந்தன் ஊருக்குப் போன பிறகு கடையிலிருந்து ஆள் வந்து மறுபடி விண்டோஸ் போட்டுக் கொடுத்தான். கணவர் தனக்கு ஒரு கணக்கு வைத்து அதற்குப் பாஸ்வேர்டு போட்டார். எனக்கு வேறு ஒரு கணக்கு. அதில் டைப் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். எதையும் புதிதாக இன்ஸ்டால் செய்ய முடியாது. இது உனக்குப் போதும், இனிமேல் தெரியாமல் ஒன்றும் ஆகாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அடுப்புக்குப் பக்கத்தில் போகும் குழந்தையைத் தூக்கி நகர்த்தி வைக்கிற மாதிரி என்னை நகர்த்தி வைத்தார். குழந்தைக்காவது வயது ஏறும்.

அந்த செமஸ்டரில்தான் எனக்கு லினக்ஸ் பாடம் வந்தது. செய்முறைத் தேர்வும் ப்ராஜெக்டும் அதில்தான் செய்ய வேண்டும். வகுப்பு நடந்த இடத்தில் இருந்த கம்ப்யூட்டர்களுக்குக் கூட்டம் அலைமோதும். மூன்று பேர் ஒரு நாற்காலியைச் சுற்றி நின்றால், கீபோர்டு ஆண்பிள்ளைகளிடம் இருக்கும். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ பாஸ்வேர்டு.

வகுப்பில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் வேலை செய்தாள். அம்மா அப்பா செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் என் கதையைச் சொன்னேன். அவள் பரிதாபப்படவில்லை.

"இன்னாபா, அதுக்கா அழுதுகினு கீற? டிஸ்க்கப் பிரிச்சு பார்ட்டிஷன் போடவே வேணாம். விண்டோஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டலாம். உள்ள இன்னா கூத்து அடிச்சாலும் வெளிய ஒண்ணியும் ஆவாது."

அடுத்த வாரம் ஒரு சிடியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே லினக்ஸும், வெர்ச்சுவல் மெஷின் என்ற மென்பொருளும். இதில் பலவகை உண்டு, நல்லவற்றை இன்ஸ்டால் செய்தால்தான் ஓடும், இது ஒன்றுதான் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தாலே ஓடும், ஆனால் ஆமை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள் என்றாள். விஷயம் எளிமையானதுதான். இந்த மென்பொருள் ஒரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும். அதற்கு ஒரு டிஸ்க் வேண்டுமே, அந்த டிஸ்க்காக நம் டிஸ்க்கில் ஒரே ஒரு பெரிய ஃபைல் இருக்கும். அந்த ஃபைலுக்குள் லினக்ஸை ஏற்றிக்கொள்ளலாம். வெளியே இருக்கும் விண்டோஸுக்கு அது வெறும் ஒரு ஃபைல்.

மறுநாள் மதியம் கணவர் ஆபீசில், மகள் தூக்கத்தில், மாமியார் பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில். ஃபோல்டரைத் திறந்து ஓட்டினேன். திரையின் நடுவில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. அதில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஒரு புதுக் கம்ப்யூட்டர் தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொண்டு எழுந்தது. உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் இன்னும் எழுந்துகொண்டேதான் இருக்கும், அவ்வளவு மந்தம். லினக்ஸை ஏற்றவே பல மதியங்கள் ஆயின. முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அதே கேள்வி வந்தது. நான் படித்துப் பார்த்து, எடுத்துக்கொள் என்று தட்டினேன். கட்டத்துக்குப் பின்னால் விண்டோஸின் பச்சை மேடும் நீல வானமும் அப்படியே இருந்தன.

எல்லாம் ஏறி முடிந்த பிறகு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய், இருக்கும் அத்தனையையும் அழி என்று ஒரே வரியில் கட்டளை கொடுத்தேன். அழிந்தது. வரிவரியாக, மெதுவாக, என் கண்முன்னால் அழிந்தது. கடைசியில் எந்தக் கட்டளைக்கும் பதில் வராமல் நின்றது. ஒரு கம்ப்யூட்டரை அழித்தவள் என்று என்னைச் சொன்னார்களே, அழிப்பது என்றால் என்ன என்று செய்து பார்த்தேன். கட்டத்தை மூடினேன். வெளியே விண்டோஸும் அதிலிருந்த ஃபைல்களும் பத்திரமாக இருந்தன. நகலை எடுத்துத் திரும்ப வைத்தேன், லினக்ஸ் மறுபடி எழுந்தது. நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அல்ல. இவ்வளவு சுலபமாக எதையும் கெடுக்காமல் கற்றுக்கொள்ள ஒரு வழி இருக்கும்போது, மாதக்கணக்கில் என்னைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வைத்தார்களே என்ற ஆத்திரத்தில்.

அதன் பிறகு தினமும் மதியம் எனக்கு அந்தக் கட்டம்தான். ப்ராஜெக்டுக்காக எங்கள் குடியிருப்பு நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குவதற்கு ஒரு நிரல் எழுத ஆரம்பித்தேன். யார் எடுத்தார்கள், எப்போது திரும்ப வர வேண்டும், யார் காத்திருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் வரும். நூலகத்தில் இருந்த அம்மாள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டை எழுதி அலுத்துப் போனவர். நான் இதை எழுதுவதைக் கேள்விப்பட்டு எப்போது முடியும் என்று பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார். என் படிப்பைப் பற்றி அந்தக் குடியிருப்பில் ஆர்வமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

உள்ளே எழுதியதை வெளியே எடுத்து வைக்கும் வழி எனக்கு அப்போது தெரியாது. சிடி எழுதும் வசதியும் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அதனால் அந்தப் பெரிய ஃபைலையே அவ்வப்போது நகலெடுத்து அதே டிஸ்க்கில் வைத்தேன். இரண்டுக்கும் பெயர் வைத்தேன். 'எம்.சி.ஏ. ப்ராஜெக்ட், டெலீட் செய்யாதீர்கள்' என்று ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில்.

ப்ராஜெக்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருந்தபோது கொழுந்தன் வந்தான். அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. ஒரு டிஸ்க் நிறைய சினிமாப் படங்கள் கொண்டுவந்திருந்தான். அண்ணனும் தம்பியும் சனிக்கிழமை காலையிலிருந்து அதை எங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போயிருந்தேன். வஞ்சிரம் வாங்கி வந்து கழுவி, மசால் தடவி வைத்துவிட்டு, சரி, அவர்கள் சாப்பிட உட்காரும்போது கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்று என் கணக்கைத் திறந்தேன். ஃபோல்டரில் மென்பொருள் இருந்தது. இரண்டு பெரிய ஃபைல்களும் இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். அதிலும் இல்லை.

அவரிடம் கேட்டேன். இடம் போதவில்லை என்றார். எதற்கு என்றேன். படத்துக்கு என்றார். பெயரைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். படித்தாராம்.

"நீ சும்மா வெளையாடிக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன். ஒரு ஃபைலுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சைசு?"

கொழுந்தன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, மைனி, அதெல்லாம் வெர்ச்சுவல்தானே, மறுபடி போட்டுக்கலாம் என்றான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது என்ன ஃபைல் என்று பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் அழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது என் வாயிலிருந்து வந்தது நான் பழகிக்கொண்ட தமிழ் இல்லை.

"இன்னா நெனச்சிகினு கீற நீ? இது எனக்கும் வூடுதான? நான் எழுதி வச்சத அழிக்க நீ யாரு?"

கணவரை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாமியார் கையில் வைத்திருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றது. நான் நிறுத்தவில்லை. கொழுந்தனைப் பார்த்து, முதல் தடவை அழித்தவன் நீ, பொய் சொன்னவன் நீ, இன்றைக்குத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நீ என்று வரிசையாகச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கணவரும் பார்த்தார். பார்த்தும் என்னிடம்தான் சொன்னார், பிள்ளை பயப்படுகிறாள், சத்தம் போடாதே என்று.

மீனைப் பொரிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து கருங்குழி.

அம்மா வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மா கதையைக் கேட்டுவிட்டு, "ஒரு ஃபைலுக்கா புருசன வுட்டுட்டு வந்த?" என்றார். அடித்தாரா, குடித்தாரா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை என்றதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு ஃபைல், ஒரு ஃபைல் என்று எல்லோரும் சொன்னார்கள். கோழிக்கூட்டுக் கதவைத் திறந்து விட்டதற்குக்கூட எங்கள் தெருவில் மூன்று தலைமுறை பேசாமல் இருப்பார்கள். ஃபைல் என்றால் மட்டும் கையில் பிடிக்க முடியாது, அதனால் நஷ்டமில்லை. நான் அம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன். மாதக்கணக்காகத் தைத்த துணியை ஒருவர் அடுப்பில் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அம்மா தையல் வேலை செய்தவர். மகளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, "துணின்னு சொல்லியிருக்கலாமே மொதல்லயே. புள்ளய நான் பாத்துக்கறேன். நீ போயி முடிச்சிட்டு வா" என்றார்.

திங்கட்கிழமையே தோழியின் கடைக்குப் போனேன். கவுன்டருக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முதலாளியிடம் அவளே பேசி அனுமதி வாங்கினாள். அதில் மெமரி அதிகம், வெர்ச்சுவல் மெஷின் மென்பொருளும் ஒழுங்காக இன்ஸ்டால் செய்தது. கட்டத்துக்குள் லினக்ஸ் எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் எதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்! கருங்குழியிலிருந்து காலையில் பஸ் ஏறி வருவேன், சாயங்காலம் திரும்புவேன். கடைக்கு வருகிறவர்கள் மவுஸ் கேட்பார்கள், கேபிள் கேட்பார்கள், நான் தலையைத் தூக்க மாட்டேன். உள்ளே எழுதியதை வெளியே எடுக்கும் வழியை முதல் நாளே தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுதி முடித்த ஒவ்வொன்றையும் சிடியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கோபத்தில் எழுதியதாலோ என்னவோ, இரண்டாம் தடவை எழுதிய நிரல் முதலாவதைவிடச் சுத்தமாக வந்தது. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல முடியாது. சிலர் அப்படிச் சொல்லச் சொன்னார்கள்.

ப்ராஜெக்டை ஒப்படைத்தேன். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் சாதாரணமாக இருந்தன, சாதாரணமாகப் பதில் சொன்னேன். தேறினேன்.

அதற்குள் கணவர் கருங்குழிக்கு இரண்டு முறை வந்து போயிருந்தார். முதல் முறை அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். இரண்டாம் முறை என்னிடம் பேசினார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், வா என்றார். அழித்தது தப்பு என்று சொல்வாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம், என்னுடையதை நானே வாங்கிக்கொள்வேன், வேலைக்குப் போகப் போகிறேன் என்றேன். வீட்டில் எங்கம்மா தனியாக இருப்பார்களே என்று ஆரம்பித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மகளுக்காகத் திரும்பிப் போனேன். அவருக்காகவும் கொஞ்சம் போனேன் என்று சொன்னால்தான் நேர்மை.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் புதிதாக வந்த ஐ.டி. அலுவலகம் ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஒரு மென்பொருள் எந்தெந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரே கம்ப்யூட்டருக்குள் வரிசையாக வெர்ச்சுவல் மெஷின்களைத் திறந்து வைத்துக்கொள்வோம். கெடுத்தால் நகலிலிருந்து மீட்போம். நாள் முழுக்கக் கெடுப்பதும் மீட்பதும்தான் வேலை. அதைத் தெரியாத வேலை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து அலுவலகத்தில் குடும்பத்தோடு வரச் சொல்லி ஒரு மதிய விருந்து வைத்தார்கள். மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில். கணவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். மகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். என் மேலாளர் எங்கள் மேசைக்கு வந்து என் வேலையைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு எப்படிப் படித்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் பதில் சொன்னார்.

"எல்லாம் நம்ம ஏற்பாடுதான் சார். வீட்லயே கம்ப்யூட்டர் இருந்துச்சு. நான்தான் படிக்க வச்சேன்."

மேலாளர் அவரைப் பாராட்டிக் கை கொடுத்தார்.

"இல்ல சார். இவர் என் ப்ராஜெக்டை அழிச்சார். படம் ஏத்துறதுக்கு. நான் மறுபடி எழுதினேன்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மேலாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டு, சாப்பிடுங்கள் என்று சொல்லி நகர்ந்தார். கணவர் தட்டில் இருந்த மீன் வறுவலை முள் எடுத்து, முள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இல்லை. இருக்குமோ என்று தேடிக்கூடப் பார்த்தேன். இல்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் மகள் முன்னால் நின்றாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடதுபக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது. வெகுதூரம் வந்த பிறகு அவர், எல்லார் முன்னாலயும் சொல்லணுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மகள், அப்பா எதை அழிச்சாங்கம்மா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். போய், முதலிலிருந்து கடைசிவரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.